சுண்டுவிரல் மரத்துப் போகிறது: ரோடு பைக்குக்கு எந்த ஹேண்டில்பார் வாங்கலாம்?

கேள்வி: பிப்ரவரி 3, 2024, இரவு 10.40

வயது 43. அலுமினிய ரோடு பைக், 44 செ.மீ. டிராப் பார் (இரு பக்கமும் கீழே வளைந்து இறங்கும் ஹேண்டில்பார்), வாங்கியபோது வந்தது. சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) கோவளம் தாண்டியதும் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. மாமல்லபுரத்தில் இறங்கிக் கையை உதறினால் சரியாகிறது, திரும்பும்போது மறுபடியும் அதே கதை. கடையில் கார்பன் பார் போடச் சொல்கிறார்கள். கூட ஓட்டும் ஒருவர் ஃப்ளாட் பாருக்கு, அதாவது வளைவில்லாத நேரான பாருக்கு, மாறு என்கிறார். அடுத்த மாதம் 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ஓட்டம்) இருக்கிறது. எந்தப் பார் வாங்கலாம்?

பதில்: பிப்ரவரி 3, இரவு 11.30

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எந்த விரல் மரக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலும் என்றால் அல்நார் நரம்பு. முழங்கை எங்காவது இடித்தால் விரல் வரை சுரீரென்று இழுக்குமே, அதே நரம்புதான். அது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக, இரண்டு சின்ன எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகலான வழியில் உள்ளங்கைக்குள் இறங்குகிறது. கியான் கால்வாய் என்று பெயர். அதன்மேல் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. உள்ளங்கையின் வெளியோரத்து அடிப்பகுதியை ஹூடில் (பிரேக் லீவரின் ரப்பர் மூடிய மேல்பகுதியில்) ஊன்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நரம்பு நசுங்கத்தான் செய்யும். மணிக்கட்டு பின்பக்கம் மடிந்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, மீடியன். கார்பல் டனல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்களில் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும், அப்போது எந்த விரல் என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

நாளை வண்டியில் ஏறி, கையை ஹூடில் வைத்து, வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் ஒரு தோள் சாய்த்துக்கொண்டால் போதும். முழங்கையிலிருந்து விரல் முட்டி வரை ஒரே கோடாக இருக்கிறதா, மணிக்கட்டில் ஒடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 4, மாலை

போட்டோ பார்த்தேன். கோடு மணிக்கட்டில் ஒடிகிறது.

காரணமும் அதே படத்தில் தெரிகிறது. உங்கள் பார் முன்பக்கம் சரிந்திருக்கிறது. மேல் வளைவிலிருந்து ஹூட் வரைக்கும் ஒரு இறக்கம். கை வழுக்கி முன்னால் போகப் பார்க்கிறது, போகாமல் இருக்க உள்ளங்கை அடியைத் தேய்த்து ஊன்றிப் பிடிக்கிறீர்கள். அந்த ஊன்றல்தான் நரம்பின் மேல் விழுகிறது. கார்பன் பாரை இதே சரிவில் மாட்டினாலும் இதேதான் நடக்கும்.

செய்ய வேண்டியது: ஸ்டெம்மும் (பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) பாரும் சேரும் இடத்தில் ஒரு துண்டு வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒட்டி, இரண்டின் மேலும் போகிற மாதிரி பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் அந்தக் கோடு வேண்டும். பிறகு ஸ்டெம் முன்பக்கத்து நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி, பாரைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சுழற்றுங்கள். கொஞ்சம் என்றால் கோடு ஓரிரு மி.மீ. விலகினால் போதும். ஒரு ஸ்கேலை மேல் வளைவிலிருந்து ஹூட் வரை படுக்க வையுங்கள். ஸ்கேல் ஏறக்குறையத் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், நடுவில் அடியில் பெரிய பள்ளம் தெரியக் கூடாது. பள்ளம் இருந்தால் உள்ளங்கை அடி சரியாக அதில்தான் போய் உட்காரும்.

போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு என்பது ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இருப்பவரிடம் இரவல் வாங்குங்கள். ஓடும் வண்டியில் பார் சுழன்றால் பல் போய்விடும்.

பிப்ரவரி 4, இரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். பாரை மேல்நோக்கிச் சுழற்றினால் கீழே டிராப்பின், அதாவது பாரின் கீழ் வளைவின், கோணமும் மாறும். கீழே பிடித்தால் பிரேக் எட்டவில்லை என்றோ மணிக்கட்டு அங்கே ஒடிகிறது என்றோ தோன்றினால், பாரைப் பழைய கோட்டுக்கே கொண்டுவந்துவிட்டு, பாரில் சுற்றிய டேப்பைப் பாதி பிரித்து, ஹூடை மட்டும் வளைவில் மேலே தள்ளி மாட்ட வேண்டும். வேலை கூடுதல், ஆனால் டிராப்பும் ஹூடும் தனித்தனியாகச் சரியாகும். நான் என் வண்டியில் இரண்டாவதைத்தான் செய்தேன். வளைவு ஆழமான பழைய பாணிப் பார்களில் வேறு வழியும் இல்லை, ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

பிப்ரவரி 6

அகலம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தோளின் மேல் நுனியில் கையால் தடவினால் ஒரு எலும்பு முனை தட்டுப்படும், இரண்டு பக்கமும். அந்த முனையிலிருந்து இந்த முனை வரை டேப்பால் அளந்து அதை ஒட்டிய அகலத்தில் தொடங்குங்கள். 44 என்பது உங்கள் போட்டோவில் தெரியும் தோளுக்கு அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோளைவிட அகலமாகப் பிடித்தால் முன்கை வெளிப்பக்கம் விரிந்து போகும், ஹூட் நேராக முன்னால் பார்க்கும், இரண்டுக்கும் நடுவே மணிக்கட்டு உள்பக்கம் மடியும்.

அளவில் ஒரு குழப்பம் இருக்கிறது. சில நிறுவனங்கள் குழாயின் நடுவிலிருந்து நடு வரை அளக்கின்றன, சில வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. குழாயின் தடிமன் 24 மி.மீ. பக்கம் என்பதால் இரண்டு 42-களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு சைஸ் வித்தியாசம் வரும். இணையத்தில் வாங்குமுன் எந்த அளவு என்று படித்துவிடுங்கள்.

தொழில்முறைப் போட்டிகளில் எல்லாரும் குறுகலான பார் போடுகிறார்களே என்று ஒருவர். அது காற்றுக்காக. உடம்பை ஒடுக்கினால் வேகம் கூடும் என்பதற்காக அவர்கள் சௌகரியத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். குறுக்கிக்கொண்டே போனதால் உலக சைக்கிள் சங்கமான யுசிஐ, மொத்த அகலம் 350 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று 2025 வரை விதி வைத்திருந்தது. ஹூடை உள்பக்கம் திருப்பி வைக்கும் பழக்கத்துக்கும் 2024 முதல் 10 டிகிரிதான் வரம்பு. நமக்கு அந்த விதி தேவையில்லை, ஆனால் அதற்குள் ஒரு நல்ல யோசனை இருக்கிறது: ஹூடைச் சில டிகிரி மட்டும் உள்பக்கம் திருப்பினால் பலருக்கு மணிக்கட்டு நேராகிவிடும். கைகுலுக்க நீட்டும்போது கை எந்தக் கோணத்தில் போகிறதோ, அந்தக் கோணத்தில் ஹூட் வந்து கையில் உட்கார வேண்டும்.

பிப்ரவரி 7

ஃப்ளாட் பார் போடச் சொன்ன நண்பருக்கு.

ஃப்ளாட் பாரில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். ஹூடில் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும். கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள், உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது? தொடையை. உடம்பு தானாக வைத்துக்கொள்ளும் நிலைக்கு ஹூட்தான் கிட்டத்தில் இருக்கிறது. ஒரு மணி நேர நகர ஓட்டத்துக்கு ஃப்ளாட் பார் அருமை, பிரேக் எப்போதும் விரலடியில். 200 கி.மீ.க்கு ஒரே ஒரு பிடி என்பது தண்டனை. பார் எண்ட் (பாரின் நுனியில் மாட்டும் கொம்பு) மாட்டினால் இன்னொரு பிடி கிடைக்கும், ஃப்ளாட் பார் வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் மாட்டுங்கள். உள்ளங்கை அடியைத் தாங்கும் அகலமான இறக்கை வடிவ கிரிப்பும் உண்மையிலேயே உதவும்.

மாற்றுவதில் இருக்கும் செலவையும் யாரும் சொல்வதில்லை. நடுவில் ஸ்டெம் பிடிக்கும் இடம் இரண்டிலும் பெரும்பாலும் 31.8 மி.மீ.தான், ஆனால் லீவர் மாட்டும் இடம் ஃப்ளாட் பாரில் 22.2, டிராப் பாரில் 23.8. ஆகவே லீவர்கள் மாறாது, புதிதாக வாங்க வேண்டும். பிரேக் கேபிளை இழுக்கும் அளவும் வேறு, கியர் ஷிஃப்டரும் பின் டிரெய்லியரும் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) ஒத்துப்போகாமல் போகலாம். எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு, அதாவது ஹைப்ரிட் வண்டியில் டிராப் பார் போட நினைப்பவர்களுக்கு, இன்னொரு தொல்லை: அந்த ஃப்ரேம் ஏற்கெனவே நீளமாக இருக்கும், டிராப் பார் ஹூடை மேலும் 8 செ.மீ., அதற்கும் மேலே முன்னால் கொண்டுபோகும். கையை எட்டிப் பிடிக்க முதுகு போய்விடும்.

பிப்ரவரி 7, சற்றுப் பிறகு

"எங்கப்பா ஹெர்குலஸ்ல தினம் அவ்வளவு தூரம் போய் வந்தார், ஒரு நாளும் கை மரத்ததுன்னு சொன்னதில்லை" என்ற பின்னூட்டம். எனக்கு மிகவும் பிடித்த பின்னூட்டம் இது. அப்பா சொன்னது நிஜமாகத்தான் இருக்கும்.

அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த அந்த வண்டிகளின் ஹேண்டில்பாரைப் பாருங்கள். ஸ்டெம்மிலிருந்து கொஞ்சம் முன்னால் போய், பிறகு ஓட்டுபவரை நோக்கித் திரும்பி வரும். பிடி கிட்டத்தட்ட வண்டியின் நீளவாக்கில் இருக்கும். மணிக்கட்டு துளி மடியாது. அதோடு நிமிர்ந்த உட்காரல், அகலமான ஸ்பிரிங் சீட்டு, எடை முழுக்கப் பின்னால். கையில் வண்டியைத் திருப்பும் வேலை மட்டும்தான், உடம்பைத் தாங்கும் வேலை இல்லை. பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர் ஒரு கையை விட்டுவிட்டு மணி அடித்துக்கொண்டே போவார், பார்த்திருக்கிறோம்.

ரோடு பைக்கில் நாம் வேகத்துக்காக முன்னால் குனிகிறோம், எடை கைக்கு வருகிறது. கேள்வியே இதுதான்: வருகிற எடையை எப்படிக் குறைப்பது, குறையாததை எந்த இடத்தில் வாங்கிக்கொள்வது.

பிப்ரவரி 8

எடை பற்றி நேற்று விட்ட இடம். பார் மாற்றும் பலர் சேடிலை, அதாவது சீட்டை, பார்ப்பதே இல்லை.

சேடில் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கும், அதைத் தடுப்பது கைதான். போனில் மட்டம் பார்க்கும் செயலியைப் போட்டு, சேடில் மேல் ஒரு புத்தகத்தை வைத்து அதன்மேல் போனை வையுங்கள். மட்டமாக இருக்கட்டும்.

அடுத்தது, பார் தூரமாக இருக்கிறதென்று சேடிலை முன்னால் தள்ளுவது. தூரம் குறையும், கைமேல் விழும் பாரம் கூடும், ஏனென்றால் உடம்பின் எடை பெடலுக்கு முன்னால் போய்விடுகிறது. தூரத்தைக் குறைக்க ஸ்டெம்மைத்தான் மாற்ற வேண்டும். 100 மி.மீ. இருந்தால் 90 அல்லது 80 போடலாம். உயரம் வேண்டுமானால் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாலே கோணம் மாறிப் பார் மேலே வரும், ஒரு பைசா செலவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: டிரெய்னரில் (வண்டியை நிறுத்தி வைத்து மிதிக்கும் சட்டத்தில்) நிதானமான வேகத்தில் மிதித்துக்கொண்டே, முதுகை அசைக்காமல், இரண்டு கையையும் ஹூடிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள். சில நொடி அப்படியே இருக்க முடிந்தால் எடை சரியாக இருக்கிறது. உடனே முன்னால் விழுந்தால் சேடிலில் வேலை பாக்கி. சாலையில் இதைச் செய்ய வேண்டாம்.

என் விஷயத்தில் ஒரு கடையில் ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாயை (ஸ்டெம் மாட்டும் குழாய்) அடியோடு அறுத்துக் கொடுத்திருந்தார்கள், பாரை உயர்த்தும் ஸ்பேசர் வளையம் போட இடமே இல்லை. "இதுதான் அழகு" என்றார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அறுக்க வேண்டும்.

பிப்ரவரி 12

கேட்டவர் ஓட்டிவிட்டு வந்து எழுதியிருக்கிறார்: பாரைச் சுழற்றி, சேடிலை மட்டமாக்கிய பிறகு வலது கை தேவலாம், இடது கை மட்டும் இன்னும் மரக்கிறது.

இதை நான் ஈசிஆரில் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள், வலது கை கியர் மாற்றுகிறது, தண்ணீர் பாட்டில் எடுக்கிறது, மூக்கைத் துடைக்கிறது. இடது கைக்கு என்ன வேலை? முன் கியர் மாற்றுவது. ஈசிஆரில் ஏற்றமே இல்லை, கானத்தூரில் போட்ட பெரிய செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) மரக்காணம் வரை அப்படியே கிடக்கும். இடது கை ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

மலைச்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏற்காடு ஏறும்போது மேல்பாரைப் பிடிக்கிறோம், எழுந்து நின்று மிதிக்கிறோம், இறங்கும்போது டிராப்புக்குப் போகிறோம். கை தானாக இடம் மாறுகிறது. தட்டையான சாலையில் நாமாக மாற்ற வேண்டும். சமதள ஊர்க்காரர்களுக்குப் பார் தேர்வில் நான் இதைத்தான் முதலில் வைப்பேன்: குறைந்தது மூன்று இடத்தில் நிம்மதியாகக் கை வைக்க முடிய வேண்டும். ஹூட், மேல்பார், டிராப். மூன்றில் ஒன்று வலித்தால் அந்தப் பார் உங்களுக்கு இல்லை. பலர் டிராப்பைத் தொடுவதே கிடையாது, ஏனென்றால் அது எட்டாத ஆழத்தில் இருக்கிறது.

இடது கையால் தண்ணீர் குடிக்கப் பழகுங்கள்.

பிப்ரவரி 13

கையுறை, டேப், டயர்.

தடிமனான ஜெல் கையுறை எல்லாருக்கும் ஒத்துவராது. பஞ்சு இருக்கும் இடம் தவறினால் அதுவே நரம்பின் மேல் அழுத்தும். உள்ளங்கையின் இரண்டு மேடுகளிலும் பஞ்சு இருந்து நடுவில் வாய்க்கால் விட்டிருக்கும் கையுறையாகப் பாருங்கள். டேப் 3 மி.மீ. பக்கம் தடிமன் இருக்கட்டும். சென்னை வியர்வைக்கு வழவழப்பான டேப் ஆகாது, கை வழுக்கினால் இன்னும் இறுக்கிப் பிடிப்போம்.

இவை எல்லாவற்றையும்விட டயர் காற்று. 25 மி.மீ. டயரில் 120 பிஎஸ்ஐ அடித்துக் கல்லாக்கிக்கொண்டு கார்பன் பார் தேடுகிறார்கள். ஃப்ரேமில் இடமிருந்தால் 28 போட்டு, 70 கிலோ ஆளென்றால் 70 பிஎஸ்ஐயை ஒட்டி வைத்துப் பாருங்கள். அதிர்வு அங்கேயே அடங்கும். என் கணக்கில் கார்பன் பார் கடைசி.

பிப்ரவரி 20

சின்னக் கை உள்ள ஒரு தங்கை கேட்டிருந்தார், பிரேக் லீவரை எட்டுவதற்கே மணிக்கட்டை முன்னால் வளைக்க வேண்டியிருக்கிறது என்று. உங்களுக்குப் பாரைவிட லீவர்தான் முதலில். பெரும்பாலான லீவர்களில் ஒரு சின்னத் திருகு இருக்கும், சிலவற்றில் ஹூட் ரப்பருக்கு அடியில். அதைத் திருப்பினால் லீவர் பாரை நோக்கி உள்ளே வரும். வந்த பிறகு பிரேக்கை முழுக்க அழுத்திப் பாருங்கள், லீவர் பாரில் முட்டுவதற்கு முன்பே சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிளை இறுக்கியாக வேண்டும். அதன்பிறகும் எட்டவில்லையென்றால் ரீச் (ஹூட் முன்னால் போகும் தூரம்) 70 மி.மீ. பக்கம் உள்ள காம்பாக்ட் பார், அதாவது வளைவு சிறியதாக உள்ள பார்.

மார்ச் 2

சரி, இப்போது வாங்கும் பேச்சு. கேட்டவர் எல்லாம் செய்துவிட்டார், தோள் அளந்ததில் 40 வந்திருக்கிறது, 44 பாரை மாற்றுவதில் எனக்கும் சந்தேகமில்லை.

பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. ரீச், அதாவது ஹூட் எவ்வளவு முன்னால் போகிறது: 70 முதல் 80 மி.மீ. டிராப், எவ்வளவு கீழே இறங்குகிறது: 120 முதல் 130. பழைய பாணி ஆழமான பார்களில் இது 140-க்கு மேல் போகும், பார்க்க அழகு, கீழே குனிய இடுப்பு வேண்டும். மூன்றாவது ஃப்ளேர், கீழ்ப்பகுதி எவ்வளவு வெளியே விரிகிறது. சில டிகிரி இருந்தால் டிராப்பில் முன்கை பாரில் இடிக்காது. மண்பாதைக்கான பார்களில் 16, 20 என்று விரியும், அப்போது ஹூடும் சேர்ந்து சாய்ந்துவிடும். தார்ச்சாலைக்கு அவ்வளவு வேண்டாம்.

ஆகவே 40 செ.மீ., அலுமினியம், காம்பாக்ட். மேல்பார் தட்டையாக இறக்கை மாதிரி உள்ளதா, உருண்டையா? உள்ளங்கைக்குத் தட்டை நல்லது, ஆனால் அதில் விளக்கும் சைக்கிள் கணினியும் மாட்ட இடம் கிடைக்காது. பிஆர்எம் இரவில் ஓடுகிறவர்கள் உருண்டையே வாங்குங்கள்.

பாரும் ஸ்டெம்மும் ஒன்றாக வார்த்த ஒற்றைத் துண்டு வேண்டவே வேண்டாம். சுழற்ற முடியாது, நீளம் மாற்ற முடியாது, ஒயர் எல்லாம் உள்ளே. மேலே சொன்ன எந்தத் திருத்தமும் அதில் செய்ய வழியில்லை.

மார்ச் 3

ஒருவர் பழைய பார் ஒன்று பாதி விலைக்கு வருகிறதே என்கிறார். விழுந்த வண்டியின் பாரா என்று கேளுங்கள். ஸ்டெம் பிடிக்கும் இடத்துக்கு அருகில் கீறலோ, லேசான வளைவோ இருந்தால் வேண்டாம். அலுமினியத்தில் விரிசல் வெளியே தெரியாமல் வளர்ந்து ஒரு நாள் திடீரென்று முறியும். பாரில் மட்டும் சிக்கனம் கூடாது.

மார்ச் 18

பிஆர்எம் முடிந்து எழுதியிருக்கிறார். 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் வசதியாக வந்துவிட்டார். கடைசி மணி நேரத்தில் மட்டும் இடது சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்ததாம், இரவுக்குள் போய்விட்டது. நல்லது.

போகாமல் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிலருக்கு நாள்கணக்கில் இருக்கும், அதுவரை வண்டியைத் தொடாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கிள்ளிப் பிடித்து, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனியை மடக்காமல் பிடிக்க முடியவில்லை என்றாலோ, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறது என்றாலோ, உணர்வு மட்டும் இல்லாமல் பலமும் குறைந்திருக்கிறது. அன்றே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இங்கே வந்து பார் கேட்காதீர்கள்.

மார்ச் 19

44 செ.மீ. பழைய பாரை என்ன செய்வது என்கிறார். அகலத் தோள்காரர் யாராவது 42-ல் அடைபட்டுக் கிடப்பார், ஸ்டெம் பிடி 31.8 என்று எழுதிப் போட்டுவிடுங்கள். டேப்பை உரித்துவிட்டுப் படம் எடுங்கள். டேப்புக்கு அடியில் வியர்வை உப்பு அரித்திருக்கிறதா என்பதை வாங்குகிறவர் பார்க்க வேண்டும்.